ஏழு பேர் இருந்த சுவர்

போன வாரம் கூரியரில் ஒரு கனமான புத்தகம் வந்தது. ஓவியர் சவரியப்பனின் வாழ்க்கையும் படங்களும். அவர் காலமாகி ஒரு வருடம் ஆகப்போகிறதாம். மகள் தொகுத்திருக்கிறாள். இது மாதிரிப் பிரதிதான். அச்சுக்குப் போவதற்குள் 'அப்பாவோட மரக்காணம் நாட்களைப் பத்தி நாலு வரி எழுதித் தாங்க ஆன்ட்டி' என்று ஒரு சீட்டு வைத்திருந்தாள். பிரித்ததும் வழவழத்தாளில் புது மை வாசனை. என் மூக்கு அங்கே நிற்கவில்லை, நேரே பெயின்டில் கலக்கும் டர்பன்டைனுக்குப் போய்விட்டது.

அப்போது நான் மரக்காணம் பக்கத்தில் ஒரு பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வேலை நிரந்தரமாகவில்லை. ஆள் இல்லை என்று டிராயிங் வகுப்பையும் என் தலையில் கட்டியிருந்தார்கள். நான் போர்டில் வரைந்த மயிலைப் பார்த்து ஒரு பெண், "டீச்சர், இதுக்கு எதுக்குக் கொம்பு?" என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் பூசணிக்காயைத் தாண்டிப் போனதில்லை.

இந்த அவமானத்துக்கு மருந்து தேடிப் போய்த்தான் சவரியப்பன் பழக்கமானார். பொம்மையார்பாளையத்துக்காரர். வயிற்றுப்பாட்டுக்குக் கடை போர்டு எழுதுவார், கோயில் சுவர்களில் சிறகு வைத்த சம்மனசுகள் வரைவார். மற்ற நேரமெல்லாம் உப்பள வரப்பில் மொபெட்டை நிறுத்திவிட்டு வாட்டர் கலரும் கையுமாக உட்கார்ந்திருப்பார்.

"உப்பு வெள்ளைன்னு யாருங்க டீச்சர் சொன்னது? காலையில நீலம், சாயங்காலம் ரோஸு. மத்தியானம் மட்டும்தான் வெள்ளை. அப்ப எவனும் கண்ணத் தொறந்து பாக்க முடியாது."

அப்படி ஒருவர் சொன்னால் நம்பத்தானே தோன்றும்? நம்பினேன்.

அந்த வருடம் பங்குக் கோயிலில் புது மண்டபம் கட்டினார்கள். கட்டித் தந்தவர் உப்பளங்களைக் குத்தகைக்கு எடுத்திருந்த பெரிய மனிதர். உள்சுவர் முழுக்க இயேசுவின் மலைப்பிரசங்கம் வரைய சவரியப்பனைக் கூப்பிட்டார்கள். அவர் வரைந்த மலை எது என்கிறீர்கள்? நம் பெருமுக்கல் மலை. அடியில் கலிலேயாக் கடலுக்குப் பதிலாக நம் உப்பளம். "ஆண்டவர் இந்தப் பக்கம் வந்திருந்தா வேற எங்க ஏறியிருப்பாரு?" என்றார்.

பிரசங்கம் கேட்கும் கூட்டத்துக்கு நிஜ முகங்கள் வேண்டும் என்றார். "நீங்க கூப்பிட்டா வருவாங்க டீச்சர்." வீடு வீடாகப் போனேன். ஞாயிறு பூசை முடிந்ததும் உப்பளத்துப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து அவர் முன்னால் உட்கார்ந்தார்கள். அந்தோணியம்மா மட்டும் முரண்டு பிடித்தாள். "என் மூஞ்சியப் பாத்தா பிரசங்கம் கேக்க வந்த ஜனம் எழுந்து போயிடும் டீச்சர்." ஒரு வழியாக உட்கார வைத்தேன். அவளைத்தான் முன்வரிசையில், காலை நீட்டி உட்கார்ந்தவளாக வரைந்தார். உப்புத் தண்ணீர் அரித்த உள்ளங்காலின் ஒவ்வொரு வெடிப்பும் இருந்தது. "கால கூட விடல பாரேன்!" என்று அவள் சிரித்த சிரிப்பில் மண்டபம் எதிரொலித்தது. வேலை விட்டுப் போகும்போதெல்லாம் பெண்கள் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்களைக்கூட அழைத்து வந்து காட்டினார்கள்.

கோடை முற்றியபோது அந்தப் பெண்கள் வேலையை நிறுத்தினார்கள். குடிக்கத் தண்ணீரும், ஒதுங்க ஒரு கீற்றுக் கொட்டகையும் கேட்டு. குத்தகைக்காரர் மசியவில்லை. எனக்கோ அவர்களை நினைத்துப் பெருமை தாங்கவில்லை. ஒரு நாள் மண்டபத்தில் டீ குடித்துக்கொண்டே சவரியப்பன் கேட்டார், "முன்னால நின்னு பேசறது யார் யாரு டீச்சர்?"

அட்டெண்டன்ஸ் எடுக்கிற மாதிரி ஏழு பேரையும் சொன்னேன். அதோடு விட்டேனா? எழுந்து போய்ச் சுவரில் விரல் வைத்து, "இதோ இவங்க, இவங்க" என்று காட்டினேன்.

மறுநாள் சுவருக்குத் திரை போட்டுவிட்டார். கடைசி வேலை பாக்கி, திறப்பு விழா வரை யாரும் பார்க்கக் கூடாது என்றார்.

விழா அன்று திரை விலகியதும் எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன். அப்புறம்தான் பார்த்தேன். சுவரில் அந்த ஏழு பேர் இல்லை. அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஏழு உப்புக் குவியல்கள் இருந்தன. பொய் சொல்லக் கூடாது, அற்புதமான உப்பு. காலை நீலத்தில் நிழல், விளிம்பில் சாயங்கால ரோஸ். ஒன்றிலும் குறை வைக்கவில்லை மனிதர்.

அந்தோணியம்மா சுவர் வரைக்கும் போய்க் குனிந்து பார்த்தாள். "காலு நல்லாத்தானே வந்திருந்துச்சு டீச்சர். அதையாவது விட்டிருக்கலாம்." பக்கத்தில் நின்ற லூர்து, அவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி, என்னையே பார்த்தாள். "உங்களுக்குத் தெரியுமா டீச்சர்?"

"தெரியாது" என்றேன். உண்மைதான். ஆனால் காட்டிய விரல் என்னுடையது.

மண்டபத்துக்குப் பின்னால் மண்ணெண்ணெய் விட்டுக் கை கழுவிக்கொண்டிருந்தவரிடம் போனேன்.

"குத்தகைக்காரர்தான் பேரைக் கேட்டு வரச் சொன்னாரா?"

"இன்னும் மூணு ஊர்ல சுவர் வாங்கித் தர்றேன்னாரு டீச்சர். படம்தானே? ஆளுங்க அப்படியேதானே இருக்காங்க."

அதற்குப் பிறகு நான் அவரோடு பேசவில்லை. அந்த ஏழு பேரை எந்த உப்பளத்திலும் வேலைக்குக் கூப்பிடவில்லை. லூர்து பாண்டிச்சேரிக்கு வீட்டு வேலைக்குப் போனாள், அந்தோணியம்மா செங்கல் சூளைக்கு. இரண்டு வருடம் கழித்துக் கொட்டகை வந்தது. அதன் நிழலில் வேறு பெண்கள் உட்கார்ந்தார்கள்.

சவரியப்பன் வளர்ந்தார். புத்தகத்தில் பக்கம் பக்கமாக உப்பளம். பார்த்தால் கண்ணை எடுக்க முடியாது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஒரு படத்திலும் ஆள் இல்லை. மனித வாடையே படாத மௌனம் என்று முன்னுரையில் யாரோ வியந்திருக்கிறார்கள். மகள் பாவம், அவளுக்கு என்ன தெரியும். நாலு வரி எழுத உட்கார்ந்தேன், இவ்வளவு வந்துவிட்டது. இதையேதான் அனுப்பப் போகிறேன். போடுவாளோ மாட்டாளோ.

ரோட்டை அகலப்படுத்தியதில் மண்டபம் போய்விட்டது. அந்தப் பெண்கள் வேலை பார்த்த பாத்திகள் மேல் மண் கொட்டி மனைக்கல் நட்டிருக்கிறார்கள். போன மழைக்காலத்தில் அந்தோணியம்மாவும் போய்ச் சேர்ந்தாள். சாவுக்குப் போயிருந்தேன். தெருமுனையில் கண்ணீர் அஞ்சலி பேனர் கட்டியிருந்தார்கள். வாக்காளர் அட்டையில் இருந்த படத்தை அவ்வளவு பெரிதாக்கியதில் முகம் தண்ணீருக்குள் கிடப்பதுபோல் கலங்கியிருந்தது.

"வேற போட்டோவே இல்ல டீச்சர்" என்றான் அவள் மகன்.

அந்த வழியாக வந்த ஒருவர் பைக்கை நிறுத்திப் பேனரில் இருந்த முகத்தையே கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார். அதே தெருக்காரர்தான். பிறகு என் பக்கம் திரும்பிக் கேட்டார்.

"யாருங்க செத்தது?"