மாறாது என்று நான் சொன்ன பாட்டு

கதவைத் தட்டாமல் திறந்துவிட்டேன். ஈப்போவுக்கு வெளியே, ரப்பர் கையுறை செய்யும் ஒரு தொழிற்சாலையில் நான் வேலைக்குச் சேர்ந்து அப்போது நான்கு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. காலி தட்டுகளை எடுத்துவரச் சொல்லி என்னைச் சோதனை அறைக்கு அனுப்பியிருந்தார்கள். உள்ளே வரிசையாக நின்ற குழாய்களில் மாட்டியிருந்த கையுறைகள் காற்றில் ஒவ்வொன்றாக உப்பி, வெள்ளை விரல்களை விரித்துக்கொண்டிருந்தன. காற்றுப் பம்பு ‘டுக்’ என்று ஒருமுறை இடிக்கும். பிறகு ‘ஷ்ஷ்’ என்று நீளமாக மூச்சு விடும். அந்த இடிக்கும் மூச்சுக்கும் நடுவில் கியூசி அக்கா ஆடிக்கொண்டிருந்தார். இடி விழும்போது அவருடைய குதிகால் தரையைத் தொட்டது. மூச்சு நீளும்போது உடம்பு இடமிருந்து வலமாகச் சாய்ந்தது. விரல்கள் தோளுக்குப் பக்கத்தில், ஈரத்தை உதறுவதுபோலப் படபடத்தன. முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் அந்த முகம் அவ்வளவு தளர்ந்து, அவ்வளவு நிம்மதியாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

“அக்கா, நல்லா ஆடுறீங்களே” என்றேன். அவர் வெட்கப்படவில்லை. நின்றார். என் தோளுக்கு மேலே சுவரில் எதையோ பார்த்துக்கொண்டு, “ஆடல. உடம்ப அடுக்கி வைக்கிறேன். காலையிலேருந்து எல்லாம் கலைஞ்சு போச்சு” என்றார். பிறகு உப்பியிருந்த கையுறைகளில் ஒன்றின் சுண்டுவிரலைக் காட்டி, “ஓட்ட” என்றார். நான் குனிந்து பார்த்தேன். எனக்கு எந்த ஓட்டையும் தெரியவில்லை.

‘கியூசி’ என்னும் தரப் பரிசோதனைப் பிரிவில் இருந்ததால் எல்லாரும் அவரைக் கியூசி அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். முப்பத்தெட்டு வயது. தெலுக் இந்தான் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவர். ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய் எடுக்கும் செம்பனை நட்ட பிறகு, குடும்பம் ஈப்போவில் புந்தோங் பகுதிக்கு வந்துவிட்டது. பெற்றோர் இறந்தபின் அண்ணன் வீட்டில் இருந்தார். நானும் புந்தோங்தான் என்பதால் இருவருக்கும் ஒரே தொழிற்சாலைப் பேருந்து. ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் ஜன்னலோர இருக்கைதான் அவருக்கு. வேறு யாராவது அதில் உட்கார்ந்துவிட்டால் வழி முழுக்க நின்றுகொண்டே வருவார். காதில் எப்போதும் பஞ்சு. மதியத்துக்கு ஒரே சாப்பாடு, காயா என்னும் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய ரொட்டி, ஓரம் வெட்டியது. மற்ற பெண்கள் அவரைக் கேலி செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். “அவங்க அப்படித்தான்லா” என்று சொல்லிவிட்டுத் தங்கள் பேச்சைத் தொடர்வார்கள். அந்தப் பேச்சுக்குள் அவரை யாரும் அழைத்ததில்லை. கேலியைவிட அது பெரிய தூரம் என்று இப்போது நினைக்கிறேன்.

பேருந்தில் அவருக்குப் பக்கத்தில் நான் பேசாமல் உட்கார்ந்து வந்தேன். எனக்கு அப்போது வீட்டில் ஆயிரம் கவலை. பேசாதவர் ஒருவர் பக்கத்தில் இருப்பது சுகமாக இருந்தது. அதை அவர் எப்படி எடுத்துக்கொண்டாரோ, ஒருநாள் பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து என் மடியில் வைத்தார். உடல், மனக் குறையுள்ளவர்களுக்கு அரசாங்கம் கொடுக்கும் அட்டை. “டாக்டரு பேரு சொன்னாரு. ஆட்டிசம். முப்பத்தஞ்சு வயசுல சொல்றாரு” என்றார். அதுவரை என்ன பெயர் என்று கேட்டேன். “அதுவர திமிருன்னு பேரு.” நான் அட்டையைத் திருப்பிக் கொடுத்து, “தாப்பாலா அக்கா, பரவால்ல, அதெல்லாம் ஒண்ணுமில்ல” என்றேன். ஆறுதல் சொன்னதாக நினைத்துக்கொண்டேன். அவர் ஆறுதல் கேட்கவில்லை. ஒரு தகவலைத் தந்தார். நான் அதை வாங்கிக்கொள்ளவேயில்லை.

ஆட்டத்தைப் பற்றி மட்டும் அவர் நிறையப் பேசுவார். தோட்டத்தில் திருவிழா வந்து மேளம் முழங்கினால் கட்டிலுக்கடியில் போய்ப் படுத்துக்கொள்வாராம். தோலுக்குள் ஊசி போடுவது மாதிரி இருக்குமாம். ஆனால் மறுநாள், கூட்டமெல்லாம் கலைந்து, குப்பை மட்டும் கிடக்கும் திடலுக்குத் தனியாகப் போவாராம். முந்தின நாள் கேட்ட மேளம் முழுவதும், ஓர் அடிகூடக் குறையாமல் தலைக்குள் இருக்கும். சத்தம் இல்லாத மேளம். அதற்கு ஆடுவாராம். பார்த்தவர்கள் புத்தி பேதலித்துவிட்டது என்று அப்பாவிடம் போய்ச் சொன்னார்கள், அப்பா அடித்தார். கல்யாண வீடுகளைப் பற்றி ஒருமுறை சொன்னார்: “வா வா ஆடுன்னு கையப் புடிச்சு இழுப்பாங்க. எனக்கு ஆடத் தெரியாதுன்னு நெனைப்பாங்க. எனக்கு ஆடத் தெரியும். இழுத்தா தெரியாது.”

மறு வருடம் தொழிற்சாலையின் ஆண்டு விருந்துக்கு ஒவ்வொரு பிரிவும் ஓர் ஆட்டம் போட வேண்டும் என்று அறிவித்தார்கள். அதற்குள் நானும் அக்காவின் பிரிவுக்கு மாறியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஆடியவள் என்பதால் எங்கள் பிரிவின் பொறுப்பு என்னிடம் வந்தது. பெயர் கொடுக்கச் சொல்லி நான் தாளை நீட்டிக்கொண்டு போனபோது, யாரும் எதிர்பார்க்காமல் கியூசி அக்கா எழுந்து வந்தார். “நானும்” என்றார். சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேருந்தில் திரும்பும்போது ஏன் என்று கேட்டேன். இறங்குவதற்குச் சற்று முன்னால் சொன்னார்: “ஆட்டத்துல எல்லாரோடயும் நிக்கலாம். பேச வேணாம். அடுத்தது என்னன்னு எல்லாருக்கும் முன்னாடியே தெரியும். எனக்கும் தெரியும்.”

அவர் மூன்று விஷயம் கேட்டார். யாரும் தன்னைத் தொடக்கூடாது. மேடை விளக்கு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். பாட்டு மாறக்கூடாது. “மாறாதுக்கா, நான் இருக்கேன்ல” என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது அந்த வார்த்தை.

ஆறு வாரம் வேலை முடிந்து சாப்பாட்டுக் கூடத்தில் பயிற்சி. இரண்டாம் நாளே மொத்த ஆட்டமும் அவருக்கு மனப்பாடம். எட்டு எட்டாக எண்ணிக் கட்டிய ஆட்டம் அது. யார் தடுமாறினாலும், “அஞ்சாவது எட்டுல மூணு. வலது கை” என்று அக்காவின் குரல் வரும். நாலாவது வாரத்தில் பெண்கள் அவரிடமே நேராகக் கேட்க ஆரம்பித்தார்கள். பேக்கிங் பிரிவிலிருந்து எங்களிடம் மாறி வந்த ஒருத்தி, கலகலப்பானவள், “அக்கா இல்லாட்டி நாம காலிதான்லா” என்று உரக்கச் சொன்னபோது, கியூசி அக்கா தன் விரல்களைப் பார்த்துச் சிரித்தார். ஒருநாள் பயிற்சி முடிந்து எல்லாரும் தரையில் உட்கார்ந்து தேநீர் குடித்தபோது அவரும் வட்டத்துக்குள் உட்கார்ந்தார். பேசவில்லை. ஆனால் உள்ளே இருந்தார்.

விருந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், ஈப்போவில் ஒரு மண்டபத்தில் நடந்தது. பேச்சுகள் நீண்டு, குலுக்கல் பரிசு நீண்டு, நிகழ்ச்சி ஒரு மணி நேரம் தள்ளிப்போயிருந்தது. எங்களுக்கு முந்திய ஆட்டம் நடந்துகொண்டிருக்கும்போது ஏற்பாட்டாளர் மேடைக்குப் பின்னால் ஓடிவந்தார். “தங்கச்சி, முழுப் பாட்டும் போட முடியாது. பாதியில வெட்டி, வேகமான பாட்டு ஒண்ணு சேர்த்துட்டோம். கூட்டம் தூங்குதுலா.” நான் முடியாது என்றேன். ஒருத்தருக்கு மாற்றினால் ஆகாது என்றேன். ஏன் ஆகாது என்று அவர் கேட்டபோது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அட்டையைப் பற்றிச் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்றும் தெரியவில்லை. “அட்ஜஸ்ட் பண்ணுங்க, ரெண்டு நிமிஷந்தானே” என்று சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். எங்கள் பிரிவின் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

நான் அக்காவிடம் போய்ச் சொன்னேன். அவர் முகத்திலிருந்து ஏதோ ஒன்று இறங்கிப் போனதைப் பார்த்தேன். “எந்த எட்டுல வெட்டுறாங்க?” என்றார். தெரியாது என்றேன். “அதுக்கப்புறம் என்ன?” தெரியாது என்றேன். “என்னப் பாத்து அப்படியே ஆடுங்கக்கா.” முகம் பார்க்கவே சிரமப்படும் ஒருவரிடம் நான் சொன்ன வழி அது. ஆடவில்லை என்று மொத்தமாக விலகியிருக்கலாம். ஆறு வாரம், புதுச் சேலை, காத்திருந்த பெண்கள். விலகவில்லை. மேடையில் ஏறினோம்.

ஆறாவது எட்டில் பாட்டு அறுந்தது. மண்டபத்தையே உதறும் வேறொன்று ஆரம்பித்தது. மற்றவர்கள் சிரித்துக்கொண்டே தோன்றியபடி ஆடினார்கள். கியூசி அக்கா மட்டும் பழைய பாட்டையே ஆடினார். ஏழாவது எட்டு, எட்டாவது எட்டு, ஒரு கை தவறாமல், ஒரு திரும்பல் தவறாமல். தோட்டத்துத் திடலில் செய்ததைத்தான் அவர் செய்துகொண்டிருந்தார் என்பது எனக்கு மட்டும் புரிந்தது. கூட்டத்துக்குத் தெரிந்ததெல்லாம், சேலை கட்டிய ஒரு பெண் தாளம் தப்பி, யாரும் ஆடாத ஏதோ ஒன்றை ஆடுகிறாள் என்பதுதான். சிரிப்பு முன்வரிசையில் தொடங்கிப் பின்னால் பரவியது. ஒலிவாங்கியில் ஒருவன், “அக்காவுக்குப் பலமா ஒரு கைதட்டு!” என்று கத்தினான். தொலைபேசிகள் உயர்ந்தன. அந்தக் கலகலப்பான பெண், காப்பாற்றத்தான் நினைத்திருப்பாள், ஓடிப்போய் அக்காவின் இரண்டு கைகளையும் பிடித்துத் தன்னோடு சேர்த்து ஆட்ட முயன்றாள்.

அந்த அலறலை நான் விவரிக்கப்போவதில்லை. அக்கா தரையில் உட்கார்ந்து, காதுகளைப் பொத்தி, தலையை முழங்காலில் இடித்துக்கொண்டார். எனக்கும் அவருக்கும் நாலடி தூரம். என் கால்கள் அப்போதும் ஆடிக்கொண்டிருந்தன. இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. நான்கைந்து அடி ஆடிவிட்டுத்தான் நின்றேன். நின்ற பிறகும், தொடாமல் ஒருவரை எப்படித் தூக்குவது என்று தெரியாமல் வெறுமனே நின்றேன்.

காணொளி அன்று மாலைக்குள் ஆயர் தாவார் வரை போயிருந்தது, அங்கிருந்த என் சித்தி எனக்கே அனுப்பி, “இது ஒங்க கம்பெனியா?” என்று கேட்டார். ஒவ்வொருவரிடமும் கெஞ்சி அழிக்கச் சொன்னேன். அழித்தார்கள். அதற்குள் அது வேறு பத்துப் பேரிடம் இருந்தது. அக்கா இரண்டு வாரம் கழித்து வேலைக்கு வந்தார், பதினொரு நாள் வந்தார், பிறகு வரவில்லை. அந்தப் பதினொரு நாளும் பம்பு இடித்துக்கொண்டிருக்க, கைகளை வயிற்றோடு இறுக்கி வைத்துக்கொண்டு நின்றார். ஓட்டைகளை மட்டும் முன்போலவே கண்டுபிடித்தார்.

அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்து, “வாமா. இப்ப ஆடுறதே இல்ல, அமைதியா இருக்கா. நல்லதுதானே?” என்றார். அவர் கெட்டவர் இல்லை, நிஜமாகவே நிம்மதியடைந்திருந்தார். அக்கா பின்கட்டில் துணி மடித்துக்கொண்டிருந்தார். நான் மன்னிப்புக் கேட்டேன், அழுதேன். அழுகை அவருக்குத் தொந்தரவாக இருந்தது. கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொண்டார்.

“பாட்ட வெட்டுனவங்க மேல எனக்குக் கோவம் இல்ல” என்றார். “பாட்ட வெட்டுவாங்க. எல்லாரும் எல்லாத்தையும் மாத்துவாங்க. எனக்குத் தெரியும். நீ மாறாதுன்னு சொன்ன. ஒனக்குத் தெரியாததத் தெரியும்னு சொன்ன.”

ஏன் இப்போது தனியாகக்கூட ஆடுவதில்லை என்று கேட்டேன். மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார். “வீடியோவப் பாத்தேன். நான் வெளியிலேருந்து எப்படி இருக்கேன்னு முன்னாடி தெரியாது. ஆடுறப்ப உள்ள இருப்பேன். இப்ப ஆரம்பிச்சா வெளிய போயிர்றேன். வெளிய நின்னு என்னையே பாக்குறேன். உள்ள போக வழி தெரியல.”

ஆண்டுகள் ஆகிவிட்டன. நான் இப்போது அதே தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். ஆட்டிசம் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துவிட்டேன். ஒருவரிடமிருந்து பறிபோன அந்த ‘உள்ளே’யைத் திருப்பிக் கொடுக்கும் வழி எதிலும் இல்லை. மாதத்தின் முதல் ஞாயிறு மூன்று மணிக்கு அவரைப் பார்க்கப் போய், நாலரைக்குத் திரும்புகிறேன். முடியாவிட்டால் முடியாது என்று முந்தின நாளே சொல்லிவிடுகிறேன். அவர் அதற்குமேல் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் போயிருந்தபோது நல்ல மழை. வீட்டு முன்கொட்டகையின் தகரக்கூரை அதிர்ந்துகொண்டிருந்தது. அதன் கீழ் உட்கார்ந்திருந்தோம். தற்செயலாகக் குனிந்தபோது பார்த்தேன், அக்காவின் குதிகால் தரையை மெல்லத் தட்டியது. ஒருமுறை. இன்னொருமுறை. நான் மூச்சைப் பிடித்தேன். அதுவே போதுமாக இருந்தது அவருக்கு. நான் பார்ப்பது தெரிந்துவிட்டது. கால் நின்றது.

நான் எழுந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் திருப்பிப் போட்டேன். அவருக்கு முதுகைக் காட்டி, தெருவைப் பார்த்து உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. மழையில் நனைந்தபடி ஒரு மோட்டார் சைக்கிள் போனது. என் முதுகுக்குப் பின்னால் அந்தக் குதிகால் மறுபடி தட்டியதா, இல்லையா, மழைச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை. “நாலரை ஆச்சு” என்றது அக்காவின் குரல். செருப்பை மாட்டிக்கொண்டு, “வாரேன்க்கா” என்று தெருவைப் பார்த்தே சொன்னேன். திரும்பிப் பார்க்காமல் நடந்தேன்.