ஏரியில் ஓர் ஒட்டகம்

என் விசாவில் பெயிண்டர் என்று போட்டிருந்தது. வில்லியனூரில் வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் கடை வைத்திருக்கும் என் மனைவியின் அண்ணன்தான் அதை வாங்கிக் கொடுத்தார். நான் ஓவியக் கல்லூரியில் படித்தவன், படம் வரைகிறவன் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும். கேட்டதற்கு, "ரெண்டும் பெயிண்ட்தான மாப்ள" என்றார். அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். வரவில்லை.

போய் இறங்கியது பாலைவனத்தை வழித்துக் கட்டிய நகரம். அவ்வளவு பணத்தைக் கொட்டி மணலை மறைத்தவர்கள், எழுப்பிய கட்டடங்களுக்கெல்லாம் மறுபடியும் மணல் நிறமே அடிக்கச் சொன்னார்கள். இந்த அறிவாளித்தனத்தை என்னவென்று சொல்ல? என் கையில் ரோலரைக் கொடுத்துச் சாரத்தில் ஏற்றினார்கள். டப்பாவுக்கு டப்பா ஒரு பெயர்: வெயில் மணல், தேன் மணல், அந்தி மணல். சுவரில் ஏறிய பிறகு எல்லாம் ஒரே அழுக்குதான்.

விடுமுறை நாளில் அங்குள்ள ஓவியக் கூடங்களையும் போய்ப் பார்த்தேன். குதிரை, பருந்து, ஒட்டகம். ஒட்டகத்தின் இமை மயிரைக்கூட விடாமல் வரைந்திருந்தார்கள். பார்க்க வந்தவர்களோ படத்துக்கு முதுகைக் காட்டி நின்று தங்களைப் படமெடுத்துக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். செத்தாலும் ஒட்டகம் வரையமாட்டேன். எங்கள் பாகூர் ஏரியை வரைவேன். ஊரில் ஒருவராவது பார்த்ததும் இது நம் ஏரி என்று சொல்ல வேண்டும்.

பச்சைக்கும் நீலத்துக்கும் எங்கே போவது? டப்பாக்களில் மிஞ்சிய மணல்தான் இருந்தது. கோடையில் மதிய வெயிலுக்கு வேலையை நிறுத்துவார்கள். மற்றவர்கள் கீழ்த்தளத்தில் படுத்துத் தூங்க, நான் தரையில் விரிக்கும் கித்தானில் ஒரு துண்டை வெட்டி, சுவருக்குப் பட்டி பூசும் தகடால் கரையை இழுத்தேன். அந்தச் சூட்டில் வண்ணம் கலக்கும்போதே இறுகும். யோசிக்க நேரம் கிடையாது, அதுவும் நல்லதாகவே போயிற்று. தண்ணீருக்கு வெளிர் மணலைப் பூசி, காயுமுன் ஈரத்துணியால் ஒரே இழுப்பாகத் துடைத்தேன். வானம் வந்து அதில் படுத்துக்கொண்டது. பனைகளும் மதகும் அந்தி மணலில் நின்றன. சூப்பர்வைசர் எட்டிப் பார்த்து, மேல்மாடியில் பிரைமர் காய்ந்துவிட்டதா என்று கேட்டுவிட்டுப் போனான். அவனிடம் வேறென்ன எதிர்பார்ப்பது? எனக்கு ஏரி வந்துவிட்டது. அந்த நகரத்தில் நான் சந்தோஷமாக இருந்தது அன்று மட்டும்தான்.

கித்தானைச் சுருட்டி ஊருக்குக் கொண்டுவந்தேன். மச்சான் வில்லியனூரில் புது வீடு கட்டியிருந்தார். அதற்கும் மணல் நிறம்தான்; ஃபாரின் கலர் என்று பீற்றல் வேறு. நான் யாருக்கும் பிரித்துக் காட்டுமுன், என்னை ஒரு வார்த்தை கேட்காமல் படத்தை எடுத்துப்போய்ச் சட்டம் போட்டுத் தன் கூடத்தில் மாட்டிக்கொண்டார். கிரகப்பிரவேசத்துக்கு வந்தவர்களிடம், மாப்பிள்ளை வேலை பார்த்த பாலைவனம் என்று காட்டினார். பாகூரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள், அன்றாடம் அந்தக் கரைமேல் வண்டி ஓட்டுகிறவர்கள், படத்தைப் பார்த்துவிட்டு அங்கே குடிக்கத் தண்ணீராவது கிடைக்குமா என்று என்னிடம் விசாரித்தார்கள். இவர்களுக்கெல்லாம் கண் எதற்கு என்று தெரியவில்லை.

நான் என் மனைவிக்காகக் காத்திருந்தேன். அவள் பிறந்து வளர்ந்ததே அந்த ஏரிக்கரையில். அந்த மதகில் உட்கார்ந்துதான் முதன்முதலில் என்னோடு பேசினாள். பந்தி முடிந்து கூட்டம் கலைந்ததும் படத்தின் முன் வந்து நின்றாள். நெடுநேரம் பார்த்தாள்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்குது. ஒரு ஒட்டகம் போட்டா இன்னா? எங்கண்ணன் ஆசப்படுது" என்றாள்.

சுவருக்கு அடித்து மிஞ்சிய டப்பாவைக் கொண்டுவரச் சொன்னேன். மதகுக்கு எதிரே, ஆள் மூழ்கும் ஆழத்தில், ஓர் ஒட்டகத்தை நிறுத்தினேன். இமை மயிரோடு. மொத்தப் படத்திலும் அதுதான் தத்ரூபமாக இருக்கிறது என்று மச்சான் இப்போதும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.