ஞாயிற்றுக்கிழமை படகு போகுமா?

நுண்ணறிவுத் தாளைக் கண்டுபிடித்தவர் யாரென்று எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் நேரே போய் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டிருப்பேன். சட்டக் கல்லூரி நுழைவுப் பரீட்சையில் மொழித் தாள் எனக்குத் தண்ணீர் பட்ட பாடு. பொது அறிவையும் ஒருமாதிரிச் சமாளித்துவிடுவேன். இந்த நுண்ணறிவில்தான் இரண்டு தடவையும் மண் கவ்வினேன்.

மன்னார் டவுனில் ஒரு சட்டத்தரணியின் கந்தோரில் எனக்கு வேலை. காணி உறுதிப் பத்திரம் தட்டச்சுச் செய்வது, வழக்குத் தவணைகளை நினைவூட்டுவது, வருகிறவர்களுக்குக் கதிரை இழுத்துப் போட்டு ஆறுதல் சொல்வது. சனங்கள் ஐயாவிடம் சொல்வதற்கு முன்பு முழுக் கதையையும் என்னிடம்தான் சொல்வார்கள். கதையில் எங்கே ஓட்டை இருக்கிறது என்பது கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். நீதிமன்றத்தில் ஐயா குறுக்கு விசாரணை செய்யும்போது நான் பின்னால் கோப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பேன். அவர் ஒரு கேள்வியைக் கேட்காமல் விட்டால் எனக்கு நாக்கு அரிக்கும். அந்தக் கேள்வியை நானே எழுந்து நின்று கேட்க வேண்டும், என் ஆசை அவ்வளவுதான்.

முதல் தடவை தவறியபோது சிரித்துக்கொண்டு விட்டுவிட்டேன். இரண்டாம் தடவை முடிவைக் கந்தோர்க் கணினியில் பார்த்துவிட்டு அந்த இடத்திலேயே அழுதேன். விவாகரத்துக்கு வந்திருந்த ஒரு பெண், தன் வழக்கை மறந்து எனக்கு முதுகு தடவி, பக்கத்துக் கடையில் பிளேன் ரீ வாங்கி வந்து தந்தாள். ஐயா உள்ளேயிருந்து வந்து, யார் கட்சிக்காரி யார் கிளார்க் என்று புரியாமல் நின்றார். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

அதனால் மூன்றாம் தடவை விண்ணப்பித்தபோது வீட்டில் அறிவித்துவிட்டேன். இதுதான் கடைசி. இதிலும் தவறினால் புத்தகங்களைக் கட்டி அலுமாரிக்கு மேல் போட்டுவிடுவேன், பிறகு இந்தக் கதையையே எடுக்கமாட்டேன் என்று. என் மனிசன் எங்கள் ஊரான தாழ்வுபாட்டில் சொந்தமாக ஒரு வள்ளம் வைத்துத் தொழில் செய்கிறார். அப்போது வள்ளத்து எஞ்சினின் ஏதோ ஒரு பாகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். ஒன்றும் சொல்லாமல் திரும்பவும் துடைக்கத் தொடங்கினார். சரி, அவருக்கும் அலுத்துவிட்டது என்று எடுத்துக்கொண்டேன்.

சனிக்கிழமைகளில் டவுனில் ஒரு கடைக்கு மேல்மாடியில் வகுப்பு. படிப்பித்த சேர் என்னைவிட இளையவர். வந்த முதல் நாளே, தாளில் சொன்னதை மட்டும் எடுங்கள், உலகத்தைக் கொண்டுவந்து உள்ளே போடாதீர்கள் என்றார். எல்லாக் கழுதைகளும் எழுதுவினைஞர்கள், எல்லா எழுதுவினைஞர்களும் பாடுவார்கள், ஆகவே எல்லாக் கழுதைகளும் பாடும். இந்த முடிவு சரியா பிழையா என்று கேட்டார். எங்கள் கந்தோர் வாசலில் தினமும் ஏழெட்டுக் கழுதைகள் நிற்கும். பாடவும் செய்யும். எழுதுவினைஞர் என்றால் கிளார்க்; நானும் அதுதான். அவர் என்னைத்தான் இடிக்கிறார் என்று நினைத்து, முடிவு பிழை என்று வேண்டுமென்றே சொன்னேன். முடிவு சரிதான் என்றார். வகுப்பே சிரித்தது.

எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தது பக்கத்துக் கதிரையில் இருந்தவள். எருக்கலம்பிட்டியைச் சேர்ந்தவள், பாலர் பாடசாலையில் படிப்பிக்கிறவள், முதல் தடவையாக எழுதப் போகிறவள். பொல்லாத வாய்க்காரி. சேரைக்கூட விடமாட்டாள். எனக்கும் வாய் சும்மா இருக்காது என்பதால் இரண்டு வாரத்தில் ஒட்டிக்கொண்டுவிட்டோம். வகுப்பு முடிந்ததும் பஸ் நிலையத்தில் சீமெந்து வாங்கில் உட்கார்ந்து, அன்றைய கேள்விகளைத் திரும்பச் செய்து பார்ப்போம். அவளுடைய பஸ்கள் ஒவ்வொன்றாகப் போய்க்கொண்டிருக்கும்.

அந்தப் படகுக் கேள்வியால் நாங்கள் சண்டை பிடித்ததும் அந்த வாங்கில்தான்.

கேள்வி மிகச் சின்னது. அ, ஆ, இ என்று மூன்று படகுகள். வியாழன், வெள்ளி, சனி, ஞாயிறு என்று நாலு நாட்கள். ஒவ்வொரு படகும் ஒருதடவை கடலுக்குப் போகிறது. ஒரே நாளில் இரண்டு படகுகள் போவதில்லை. அ போன பிறகுதான் ஆ போகும், ஆ போன பிறகுதான் இ போகும். அப்படியென்றால் ஆ எந்த நாளில் போகிறது? வெள்ளியா, சனியா, ஞாயிறா, தந்த தகவலைக் கொண்டு தீர்மானிக்க முடியாதா?

நான் யோசிக்கவே இல்லை. வியாழன், வெள்ளி, சனி. ஆகவே ஆ வெள்ளியில் போகிறது. அவளும் யோசிக்கவில்லை. சனி என்று போட்டிருந்தாள். அவளுக்கு அவசரப் புத்தி என்று நான் சொன்னேன். எனக்குக் கண்ணாடி மாற்ற வேண்டும் என்று அவள் சொன்னாள். நான் கோடு கீறிக் காட்டினேன். அவளும் கீறிக் காட்டினாள். ஒருத்தி கீறியதை மற்றவள் பார்த்தால்தானே. குரல் ஏறியதில் கச்சான் கடலை விற்றவர் வண்டியைக் கொஞ்சம் தள்ளி நிறுத்திக்கொண்டார். இப்படி ஒரு சாதாரண விஷயம் விளங்காதவளோடு என்னத்துக்கு உட்கார்ந்து படிக்கிறேன் என்றுகூட ஒரு கணம் எனக்கு வந்துவிட்டது.

கடைசியில் அவள் என்னுடைய படத்தை இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல விரலால் தொட்டுக் காட்டினாள்.

"அக்கா, நீங்க வெள்ளிக்கிழமை வள்ளம் அனுப்பியிருக்கிறீங்க."

"ஓம். அதுக்கென்ன?"

"வெள்ளிக்கிழமை ஆரு கடலுக்குப் போவாங்க?"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை என் மனிசன் போகிறாரே. அப்போதுதான் அவளுடைய படத்தைச் சரியாகப் பார்த்தேன். அங்கே 'இ' என்ற படகு, ஞாயிற்றுக்கிழமை காலமை, பூசை நேரத்தில், வெட்கமில்லாமல் கடலில் நின்றது.

"நீ ஞாயிற்றுக்கிழமையெல்லோ அனுப்பியிருக்கிறாய்," என்றேன்.

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவளுடைய ஊரில் வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை. அன்று வள்ளங்கள் எல்லாம் கரையில் கிடக்கும். எங்கள் கத்தோலிக்க ஊரில் ஞாயிறு பூசை நாள். வலையைத் தொட்டாலே ஆட்கள் ஒருமாதிரிப் பார்ப்பார்கள். அவள் வெள்ளியை அடைத்துவிட்டாள், நான் ஞாயிற்றை அடைத்துவிட்டேன். அடைத்தது எங்களுக்கே தெரியவில்லை. தாளைப் பொறுத்தவரை ஆ வெள்ளியிலும் போகலாம், சனியிலும் போகலாம். தீர்மானிக்க முடியாது என்பதுதான் விடை. அவள் முக்காட்டால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், எனக்குச் சிரித்துச் சிரித்து விலா நொந்தது. கச்சான்காரர் வண்டியைத் திரும்பவும் பழைய இடத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

மோட்டார் சைக்கிளில் என்னைக் கூட்டிப்போக வந்த மனிசனிடம் அதே கேள்வியைக் கொடுத்தோம். ஹெல்மெட்டைக் கழற்றாமலே வாசித்துவிட்டு வெள்ளி என்றார். விடையைச் சொன்னபோது கேள்வி எழுதினவன் கடலையே காணாதவன் என்று சொல்லிவிட்டார்.

அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு சட்டம் வந்தது. யாராவது விடையை அடித்துச் சொன்னால், மற்றவள் ஒரே ஒரு கேள்வி கேட்பாள்: "தாளில இருக்கோ, வீட்டில இருக்கோ?" வாட்ஸ்அப்பில் நாள் முழுக்க இதே பல்லவிதான். மழை பெய்தால் வீதி நனையும், வீதி நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்ததா என்று ஒரு கேள்வி. சொல்ல முடியாது என்று சரியாகத்தான் எழுதினேன். ஏன் என்று கேட்டாள். மீன் லொறியிலிருந்து ஐஸ் தண்ணீர் வடிந்து எங்கள் வீதி எப்போதும் ஈரம்தானே என்றேன். விடை சரி, காரணம் வீட்டிலிருந்து வந்தது, ஆகவே புள்ளி இல்லை என்று தீர்ப்பளித்துவிட்டாள். பாலர் பாடசாலைப் பிள்ளைகளை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது.

வீட்டில் நான் சமைக்கும்போது மனிசன் குசினி வாசலில் இருந்து கேள்வி வாசிப்பார். வாசிப்பதைவிடக் கேள்வியோடு சண்டை பிடிப்பதுதான் அதிகம். ஐந்து பேர் வட்ட மேசையைச் சுற்றி இருக்கினம், கமலாவுக்குப் பக்கத்தில் ரவி இருக்கமாட்டார் என்று வந்தால், ஏனாம், என்ன கோபமாம் என்று அதை ஆராயத் தொடங்கிவிடுவார். குழம்பு அடிப்பிடித்ததுதான் மிச்சம். ஆனாலும் எனக்குள் ஏதோ ஒன்று மெதுவாகத் திறந்தது. முன்பு விடை எழுதிய பிறகு பயம் வரும். இப்போது எழுதுவதற்கு முன்பே, இதை யார் சொன்னது என்று நானே என்னைக் கேட்கப் பழகிவிட்டேன்.

பரீட்சைக்குக் கொழும்புக்கு ஒரே பஸ்ஸில்தான் போனோம். மண்டபத்தில் அவள் எங்கோ முன்னால், நான் பின்னால். தாளில் படகு வரவில்லை; ஒரு வைத்தியசாலையும் தாதிமாரின் வேலை முறையும் வந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கட்டத்துக்கு என் கை தானாகப் போய், ஒருத்தியையும் போடாமல் அடைக்கப் பார்த்தது. பேனையை மேசையில் வைத்துவிட்டு ஒருதரம் மூச்செடுத்தேன். அவள் பக்கத்தில் இருந்து கேட்பது போலவே இருந்தது. பிறகு ஞாயிற்றுக்கிழமை ஒரு தாதியை வேலைக்கு அனுப்பினேன்.

முடிவு வரும் என்று பேச்சு அடிபடத் தொடங்கியதும் அவளிடம் ஒன்று கேட்டுக்கொண்டேன். நான் பார்க்கமாட்டேன், எனக்கு அந்தத் தைரியம் இல்லை, என்னுடைய பரீட்சைச் சுட்டெண்ணையும் சேர்த்து நீயே பார்த்துச் சொல் என்று. பார்த்துச் சொல்றன் என்றாள். சனிக்கிழமை பின்னேரம், நாளைக்குக் காலையில் போட்டுவிடுவார்களாம் என்று செய்தி அனுப்பியிருந்தாள்.

ஞாயிறு காலமை மனிசன் பூசைக்கு வெளிக்கிட்டார். எனக்குத் தலையிடி என்று சொல்லிப் படுத்துக்கொண்டேன். தலையிடி எல்லாம் ஒன்றுமில்லை. கோயிலில் எல்லாரும் முகத்தைப் பார்ப்பார்களே என்ற பயம். அவர் போனதும் எழுந்து, தொலைபேசியை மேசையில் வைத்து, எதிரே கதிரையைப் போட்டு உட்கார்ந்தேன். அது சத்தமே போடவில்லை. கோயில் மணி அடித்தது. அடுத்த வீட்டு வானொலி ஓடியது. தொலைபேசி அப்படியே கிடந்தது.

நான் நுண்ணறிவு படித்தவள் அல்லவா, கணக்குப் போட்டேன். நான் சித்தியடைந்திருந்தால் அவள் கண்டவுடனே எனக்குக் கோல் எடுப்பாள். அவள் எடுக்கவில்லை. ஆகவே நான் சித்தியடையவில்லை. இந்த முறை ஓட்டை எங்கும் தெரியவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகங்களை அடுக்கி, கட்டுவதற்குக் கயிறும் எடுத்தேன். இனி வாழ்நாள் முழுக்க அந்தப் பின்வரிசையில் கோப்போடு நிற்பதுதான் என்று நினைத்துக்கொண்டேன்.

கயிற்றில் முடிச்சுப் போடும்போது தொலைபேசி அடித்தது.

"பூசை முடிஞ்சுதா அக்கா?" என்றாள் முதல் வார்த்தையாக.

"நான் இண்டைக்குப் போகேல்ல."

"யா அல்லாஹ்," என்றாள். "விடிஞ்சதிலிருந்து போனைக் கையில வச்சிட்டு இருக்கன். பூசைக்குள்ள அடிக்கக் கூடாதெண்டு... ஞாயிற்றுக்கிழமை நீங்க கோயில்ல இல்லாமல் வேற எங்க இருப்பீங்க?"

"அது தாளில இருந்ததோ?" என்று கேட்டேன்.

"பாஸ் அக்கா. அல்ஹம்துலில்லாஹ். ரெண்டு பேரும் பாஸ்."

என்ன சொன்னேன் என்று நினைவில்லை. அவளும் அழுதாள், நானும் அழுதேன். பிறகு வீட்டுச் சட்டையோடு, கதவைக்கூடச் சாத்தாமல், மணலில் கோயில் பக்கம் ஓடினேன்.

பூசை முடிந்து ஆட்கள் வெளியே வந்துகொண்டிருந்தார்கள். மனிசன் மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டு நின்றார். தலைவிரி கோலமாக அழுதபடி ஓடிவந்த என்னைக் கண்டதும் அவருடைய முகம் மாறியது. நான் வாயைத் திறப்பதற்குள் இரண்டு கையாலும் என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

"அழாதை," என்றார். "திருப்பி எழுதுவம்."

"இதுதான் கடைசி எண்டெல்லோ..." என்று விக்கினேன்.

"கடைசி எண்டு நீதான் சொன்னனி. நான் ஓம் எண்டு சொன்னனானோ?"

அப்போது அழுதது வேறு அழுகை. இத்தனை மாதமும் இந்த மனிசனுக்கு அலுத்துவிட்டது என்று நினைத்துக்கொண்டு, அவர் வாசித்த கேள்விகளுக்கெல்லாம் விடை சொல்லிக்கொண்டிருந்திருக்கிறேன். அவர் என்னை மோட்டார் சைக்கிளில் ஏற்றி, பார்த்துக்கொண்டு நின்றவர்களுக்கு ஒன்றுமில்லை என்று கையைக் காட்டிவிட்டு வெளிக்கிட்டார். வழி முழுக்க அடுத்த முறைக்கு என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொண்டே வந்தார். சேரை மாற்றுவமாம். வவுனியாவில் ஒரு நல்ல வகுப்பு இருக்காம். நான் அவர் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு அதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை.

வீட்டு வாசலில் இறங்கித்தான் சொன்னேன். அவர் எஞ்சினை நிறுத்திவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பாஸ் எண்டால் பிறகேன் கோயிலடியில அப்பிடி அழுதனி?"

"நீங்கள் ஓம் எண்டு சொல்லேல்லத்தானே," என்றேன், "அதுக்கு."