புஷ்பம் தொரை எடுத்த பெரட்டு

தப்பு மேளத்தை நெருப்புல வாட்டும்போது ஒரு வாசம் வரும் பாருங்க... தோலும், காஞ்ச மானாப்புல்லும், புகையும் கலந்து. இன்னிக்கும் எங்கயாவது புல்லு எரிஞ்சா என் கை தானா தொடையில தாளம் போட ஆரம்பிச்சுரும்.

இலங்கை மலையில, வட்டவளைப் பக்கம் எங்க தேயிலைத் தோட்டம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபதோ, அறுபத்தொண்ணோ... சித்தப்பாவோட முதல் புள்ளைக்குக் காதுகுத்து. வந்து இறங்கின சொந்தக்காரக் கூட்டத்துல மலையே ரெண்டு அங்குலம் கீழ அமுங்கிருச்சுன்னா நம்புங்க. ஆட்டுக்கறிச் சோறு சாப்பிட்டு, பெரியவங்க எல்லாம் லயத்து வீடுகள்ல வரிசையா சாய்ஞ்சுட்டாங்க. அந்தக் குறட்டையைக் கேட்டு, ரயில் வருதுன்னு ஸ்டேஷன்ல கேட்டை மூடிட்டாங்களாம்!

நாங்க சின்னதுகள் இருபது பேரு. களத்துல இறங்கினோம்.

விளையாட்டு பேரு 'பெரட்டு'. கண்டுபிடிச்ச விஞ்ஞானி அடியேன்தான்.

நிஜப் பெரட்டு என்னன்னா, விடியக்காலையில தப்புச் சத்தம் கேட்டதும் சனம் எல்லாம் களத்துல போய் வரிசையா நிக்கணும். பிந்தி வந்தா தொரை திருப்பி அனுப்பிருவார். அன்னிக்குப் பதிவுல பேரு கிடையாது, சம்பளமும் கிடையாது.

எங்க பெரட்டும் அதேதான். ஒருத்தர் தொரை. தேயிலைப் பெட்டி மேல ஏறி நிக்கணும். தலையில கிரீடம் மாதிரி அலுமினியச் சட்டி, வாயில புகை புடிக்கிற சுங்கானுக்குப் பதிலா பப்பாசி இலைக் காம்பு. தொரையோட நாயா ரெண்டு வயசு தம்பி ஒருத்தன், இடுப்புல கயிறோட. பிஸ்கட் கொடுத்தா குரைப்பான், கொடுக்காட்டி கடிப்பான். தப்பு அடிச்சதும் மத்தவங்க தண்ணி புடிக்கிற பீலிக்கரையிலருந்து ஓடி வந்து வரிசையில நிக்கணும். கடைசியா வர்றவன் அவுட்.

அன்னிக்குத் தொரை யாருன்னா, மஸ்கெலியாவிலருந்து வந்த பெரியப்பா மக புஷ்பம். ஏழு வயசு. பூப்போட்ட கவுன். ஆனா அந்த அதிகாரம்... வெள்ளைக்காரன் அவகிட்ட டியூஷன் வந்திருக்கணும்.

வழக்கமா தகர டின்னைத்தான் தட்டுவோம். அன்னிக்குக் காதுகுத்துக்கு வந்த நிஜத் தப்பே சுவத்துல சாய்ஞ்சு கிடந்துச்சு. தப்புக்காரரும் தூங்குறார். விடுவேனா? நெருப்புல வாட்டி எடுத்து, தினம் விடியக்காலையில கேக்குற அதே அடியை, அச்சு பிசகாம அடிச்சேன் பாருங்க!

எனக்குத் தெரியாத விசயம் ஒண்ணு இருந்துச்சு. அதுக்கு முந்தின கிழமை சித்தப்பா ரெண்டு நாள் பிந்திப் போய்த் திரும்பி வந்திருக்கார். கைப்புள்ளை ராத்திரியில தூங்க விடல. "இன்னொரு தடவை பிந்தினா ஒரு மாசத்துக்கு வேலை இல்லை"ன்னு தொரை சொல்லிட்டாராம். இதைச் சித்தி அப்புறமாத்தான் சொன்னாங்க.

மத்தியானம் மூணு மணி. ஆனா பனி இறங்கி, பார்க்க விடியக்காலை மாதிரியே இருந்துச்சு. திடீர்னு பனிக்குள்ளருந்து ஒரு உருவம். தலையில கம்பளி, கையில தேயிலைச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி, இடுப்புல காதுகுத்துக்குக் கட்டின புது வேட்டி.

சித்தப்பா!

மூச்சு வாங்க வந்தவர், வரிசைக் கடைசியில என் தம்பிக்குப் பக்கத்துல நின்னார். பெட்டி மேல நின்ன உருவத்தை நிமிர்ந்துகூடப் பார்க்கல. தலையைக் குனிஞ்சுகிட்டு, "சலாங்க தொரே..."ன்னார்.

நாங்க எல்லாரும் பெட்டி மேல நின்ன புஷ்பத்தைப் பார்த்தோம். நாய்கூட குரைக்கல.

புஷ்பம் அசரல. அசல் தொரையோட அரைகுறைத் தமிழ்லயே ஆரம்பிச்சா. "நீ பிந்தி வாறது! இன்னிக்கி வேலை இல்லே! போ!"

"தொரே, தொரே... புள்ளை ராவெல்லாம் அழுவுதுங்க. அசந்துட்டேங்க. இந்த ஒரு தடவை பேரைப் போட்டுருங்க தொரே..."

சித்தப்பாவா இது? எங்களை ஒரே கையில தூக்கிச் சுத்துற ஆளு. அவர் அப்படிக் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. கையில இருந்த தப்பை மெல்லக் கீழ வச்சேன்.

புஷ்பம் முகம் மாறிருச்சு. பப்பாசிக் காம்பை எடுத்தா.

"அழாதீங்க சித்தப்பா... பேரு போட்டாச்சு. நீங்க போய் தூங்குங்க."

அப்பதான் நிமிர்ந்தார். சட்டியைப் பார்த்தார். கவுனைப் பார்த்தார். கயிறு கட்டின நாயைப் பார்த்தார். அப்படியே தரையில உக்காந்துட்டார். முகத்தைக் கம்பளியில மூடிகிட்டு... அழுறாரோன்னு கிட்டப் போனா, சிரிக்கிறார்! சிரிச்சு முடிச்சு, முதல் வேலையா என் காதைப் புடிச்சார். அன்னிக்குக் காது குத்தின புள்ளையைவிட நான்தான் அதிகமாக் கத்தினேன்.

போன மாசம் அட்டன்ல ஒரு பிறந்தநாள் விழா. புள்ளைங்க ஏறிக் குதிக்க காத்தடிச்ச ரப்பர் கோட்டை, மைக் புடிச்சு விளையாட்டு நடத்த சம்பளத்துக்கு ஒரு ஆள். புள்ளைங்க நல்லாத்தான் குதிச்சாங்க, குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒரு பெரியவரையும் அந்த விளையாட்டு தூக்கத்துலருந்து எழுப்பல.

சித்தப்பா அதுக்கப்புறம் முப்பது வருசம் அதே களத்துல வரிசையில நின்னார். எத்தனையோ தொரைமார் வந்தாங்க, போனாங்க. ஓய்வு எடுத்த பிறகு யாருக்காகவும் நாற்காலியை விட்டு எந்திரிச்சதில்ல.

புஷ்பம் வந்தா மட்டும் எந்திரிப்பார். முட்டி வலியோட, சுவத்தைப் புடிச்சுகிட்டு, நேரா நின்னு, "சலாங்க தொரே!"