குலுக்காத டிரம்

என் வீட்டுப் பரணில் ஒரு நீல பிளாஸ்டிக் டிரம் இருக்கிறது. மூடியில் கத்தியால் கீறிய வாய். உள்ளே மடித்துப் போட்ட சீட்டுகள். வெள்ளையடிக்க வருகிறவர்கள் அதை நகர்த்தினால், காய்ந்த இறாலை முறத்தில் புடைப்பது போல ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் காதில் விழுந்தால் அன்றைக்கு எனக்குச் சோறு இறங்காது. இந்தக் குப்பையை ஏன் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று வீட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். பழவேற்காட்டுக் கடையின் டிரம் அனுப்பம்பட்டில் என் தலைக்கு மேல் ஏன் இருக்கிறது என்று நான் யாருக்கும் சொன்னதில்லை.

பழவேற்காடு கடைத்தெருவில் ஒரு வலைக்கடையில் பத்து வருடத்துக்கு மேல் பில் போட்டேன். முதலாளி பழைய வியாபாரக் குடும்பத்து முஸ்லிம் மனிதர். அதிர்ந்து பேசமாட்டார். எதிரில் புதுக்கடை ஒன்று முளைத்துக் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தபோது, பரிசுக் குலுக்கல் வைக்கலாம் என்று சொன்னவள் நான்தான். வாங்குகிறவர்களுக்கு ஒரு சீட்டு, பேரும் ஊரும் எழுதி டிரம்மில் போட வேண்டும், பொங்கலன்று குலுக்கல், முதல் பரிசு படகு எஞ்சின். அதில் தப்பு இருக்கும் என்று எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை. எப்படித் தோன்றும்? இந்த ஏரியில் யார் எந்த இடத்தில் இறால் வலை கட்டுவது என்பதையே கோயில் முன்னால் சீட்டுப் போட்டுத்தான் பிரித்துக்கொள்கிறார்கள். பாடு என்பார்கள். சீட்டில் வந்தது சாமி கொடுத்தது, அதற்கு மேல் பேச்சில்லை. அப்படிப்பட்ட ஊர்களுக்கு நடுவில் கடை வைத்துக்கொண்டு, சீட்டுக் குலுக்கினால் குற்றம் என்று யார் நினைப்பார்கள்?

ஏரிக்கு அக்கரையில் இருக்கும் பசியாவரத்து அக்கா ஒருத்தி அந்தக் குலுக்கலுக்காகவே படகேறி வர ஆரம்பித்தாள். புருஷன் காமாலையில் போன பிறகு, கிழிந்த வலைகளைத் தைத்துக் கொடுத்துப் பிழைத்தவள். பேசிக்கொண்டே, வலையைப் பார்க்காமலே, விரல் தானாக ஓடும். தைத்து முடித்தால் கிழிசல் எங்கே இருந்தது என்று வலைக்குச் சொந்தக்காரனுக்கே தெரியாது. முதல் சீட்டைக் கையில் வாங்கியதும் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள்.

"இதுல யாரு பேரு எழுதணும்மா?"

"உங்க பேருதாங்க்கா."

"பாடு சீட்டுல பொம்பள பேரு ஏறாது. அவரு போனாரு, எங்க பங்கும் போச்சு. இதுல நெஜமா ஏறுமா?"

ஏறும் என்றேன். குனிந்து, ஒவ்வொரு எழுத்தாக, நோகாமல் எழுதினாள். எஞ்சின் கிடைத்தால் தம்பியின் படகில் மாட்டிவிடுவாளாம். எஞ்சின் யாருடையதோ அவருக்கும் மீனில் ஒரு பங்கு உண்டு. போன பங்கு அந்த வழியாகத் திரும்பி வந்துவிடும் என்பது அவள் கணக்கு. அதன் பிறகு ஒரே தடவையில் வாங்க வேண்டிய நூலைப் பல தடவையாகப் பிரித்து வாங்கினாள், சீட்டுக்காக. நானும் கண்டுகொள்ளாமல் கொடுத்தேன். படகுக்குக் காத்திருக்கும்போது டச்சுக்காரர் கல்லறை மதிலோரம் நிழலில் உட்காருவாள். ஒருநாள் உள்ளே கையைக் காட்டி, "எந்தூர்க்காரனோ, செத்து எத்தினி காலமாவுது, பேரு கல்லுல நிக்குது பாரேன்" என்றாள். அவள் சிரித்தாள் என்பதால் நானும் சிரித்தேன்.

பொங்கலுக்குக் கொஞ்ச நாள் முன்பு நோட்டீஸ் அடிக்கப் பொன்னேரிக்குப் போனபோதுதான் அதில் இருந்த சிக்கல் தெரிந்தது. அச்சகத்துக்காரர் வாசகத்தைப் படித்துவிட்டு, முதலில் வக்கீலைப் பாருங்கள் என்று திருப்பி அனுப்பினார். வக்கீல் பொறுமையாகச் சொன்னார்: "பொருள் வாங்குனாதான் சீட்டு, சீட்டு வந்தாதான் பரிசு. காசு, அதிர்ஷ்டம், பரிசு, மூணும் ஒண்ணா வந்தா நம்ம மாநிலத்துல கேஸ்தாம்மா. வாங்குற எல்லாருக்கும் ஒரே பொருளக் குடுங்க, வம்பில்ல. இல்லியா, அதிர்ஷ்டத்த எடுத்துட்டுத் திறமைய வைங்க. போட்டி நடத்துங்க. வாங்குனவங்கதான் கலந்துக்கணும்னு மட்டும் வெக்காதீங்க."

கூடவே வந்திருந்த முதலாளி பயந்துபோனார். "இந்த வயசுல ஸ்டேஷன் வாசல்ல என்னால நிக்க முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரு தூக்குவாளி குடுத்துடு. சீட்ட எரிச்சுடு." போட்டி என்று வக்கீல் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதற்கு விதி எழுத வேண்டும், நடுவர் தேட வேண்டும். யார் மாரடிப்பது என்று விட்டுவிட்டேன். அந்தச் சோம்பலை இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை.

பொங்கலன்று, குலுக்கலுக்கென்று வந்தவர்களுக்கு எவர்சில்வர் தூக்கு கொடுத்தோம். எல்லாரும் முணுமுணுத்துக்கொண்டே வாங்கிப் போனார்கள். அக்கா நல்ல புடவை கட்டி, தலை நிறைய எண்ணெய் வைத்து வாரி வந்திருந்தாள். சட்டம், தடை என்று நான் என்னென்னவோ சொன்னேன். அவள் தூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது எல்லாருக்கும் குடுக்கறதுதானே? எஞ்சின் போனா போவுதும்மா. மைக்குல எம் பேரக் கூப்புடுவாங்கன்னு இருந்தேன்."

தூக்கை மேசைமேல் வைத்துவிட்டுப் போனாள். கோபமாகப் போயிருந்தால் எனக்கு நன்றாயிருந்திருக்கும். டிரம்மை எரிக்க மனம் வராமல் பேருந்தில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அப்புறம் அவள் எதிர்க்கடைக்கும் போகவில்லை, எங்கள் கடைக்கும் வரவில்லை. அடுத்த மழைக்காலம் கழித்து, நூல் வாங்க வந்த ஒருவர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "வலை தைக்க ஆளே இல்ல இப்போ. நம்ம முனியன் பொண்டாட்டி காய்ச்சல்ல போயிட்டா." எனக்கு யாரென்று புரியவே சற்று நேரம் ஆனது. செத்துப் பல வருடமான புருஷனுக்குப் பேர் இருந்தது. இவளுக்கு இல்லை. நூலை அளந்துகொண்டிருக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. வலை தைக்கும் போட்டி! கடையின் முன்னால் ஆளுக்கு ஒரு கிழிந்த வலையைக் கொடுத்திருந்தால் போதும். சட்டத்துக்கும் பொருந்தியிருக்கும், எஞ்சினும் அவளுக்கே போயிருக்கும். அந்தக் கரையில் அவளை ஜெயிக்க ஆள் கிடையாது. வக்கீல் வாயிலேயே வந்த வழி. வலைக்கடையில் பத்து வருடம் உட்கார்ந்திருந்த எனக்கு அது தோன்ற, அவள் சாக வேண்டியிருந்தது.

முதலாளி காலமாகிவிட்டார். கடை இருந்த இடத்தில் செல்போன் விற்கிறார்கள். போன வாரம் வெள்ளையடிக்க வந்தவர்கள் டிரம்மைக் கூடத்தில் இறக்கி வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். வீட்டில் யாரும் இல்லை. மூடியைத் திறந்து அவள் கையெழுத்தைத் தேடினேன். கிடைத்தது. இதுவரை நானும் அவளை அக்கா என்றே எழுதிவந்திருக்கிறேன், நூல் வாங்க வந்த அந்த ஆளைவிட நான் ஒன்றும் மேல் இல்லை. எழுந்து நின்று, கூட்டத்தைப் பார்த்துச் சொல்வது போல உரக்கப் படித்தேன்.

"முதல் பரிசு, எல்லம்மா, பசியாவரம்."

கொஞ்ச நேரம் வாசலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். யாரும் வரவில்லை.