அக்காவின் வேகம்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது சிங்கப்பூரில் எங்கள் பல்கலைக்கழகத்துக்கும் ஜூரோங் தொழிற்சாலைகளுக்கும் ஒரே நேரத்தில் உறைத்திருக்க வேண்டும். எண்பதுகளின் தொடக்கத்தில், என்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு முடித்த எங்களை விடுமுறையில் பத்து வாரம் தொழிற்சாலைக்கு அனுப்பினார்கள். அட்டாச்மெண்ட் என்று பெயர். அறிக்கை நன்றாக அமைந்தால் அங்கேயே வேலை கிடைக்கும். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கி என்னைப் படிக்கவைத்தவர். அந்த வேலை எனக்கு வேண்டியிருந்தது.

நான் போனது வானொலிப் பெட்டி செய்யும் தொழிற்சாலை. கையில் ஒரு ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, வரிசையில் உட்கார்ந்து ஈயம் பற்றவைக்கும் பெண்கள் ஒரு மின்சுற்றுப் பலகைக்கு எத்தனை வினாடி எடுக்கிறார்கள் என்று குறிக்கச் சொன்னார்கள். அதை வைத்துத்தான் ஒருவர் நாளுக்கு எத்தனை பலகை முடிக்க வேண்டும் என்பது முடிவாகும். அதனால் வாட்சைக் கண்டதும் எல்லாருக்கும் கை மந்தமாகிவிடும். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்ற பேதமே கிடையாது.

ஒருவரைத் தவிர. தோ பாயோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கில் மூன்று வீடு தள்ளி இருந்த அக்கா. கணவர் இறந்துவிட்டார், இரண்டு பெண் பிள்ளைகள். நான் வாட்சோடு பின்னால் போய் நின்றதும், "எங்க புளோக் தம்பி, என்ஜினியருக்குப் படிக்குது" என்று வரிசைக்கே அறிவித்துவிட்டுப் பேய் வேகத்தில் பற்றவைக்க ஆரம்பித்தார். பக்கத்திலிருந்த மலாய்ப் பெண், "பெலான் பெலான் லா, கக்கா" என்று கெஞ்சினார். மெதுவாகச் செய்யச் சொல்கிறார் என்று எனக்கே புரிந்தது. அக்கா கேட்கவில்லை. "தம்பி ரிப்போர்ட் நல்லா வரணும்ல" என்றார்.

வாட்ச் இல்லாத நேரத்தில் அவர் எப்படி வேலை செய்வார் என்று இரண்டு வாரமாகப் பார்த்தவன் நான். வாட்சுக்குக் காட்டியது அவருடைய வேகமே இல்லை. தெரிந்தே எழுதினேன். மற்றவர்கள் வேண்டுமென்று தாமதிக்கிறார்கள், அக்காவின் வேகமே சரியான அளவு என்று பக்கம் பக்கமாக வாதாடினேன். பல்கலைக்கழகத்திலிருந்து பார்வையிட வந்த விரிவுரையாளர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: நாள் முழுக்க இந்த வேகத்தில் செய்ய முடியுமா? முடியும் என்றேன். நாள் முழுக்க உட்கார்ந்து பற்றவைத்தவனா நான்! மேலாளர் தோளில் தட்டிக்கொடுத்தார்.

என் அட்டாச்மெண்ட் முடிந்த அடுத்த மாதமே புதிய இலக்கு வந்தது. யாராலும் எட்ட முடியவில்லை, அக்காவாலும்தான். சாப்பாட்டு மேசையில் அவரோடு உட்காருவதை மற்ற பெண்கள் நிறுத்திக்கொண்டார்கள். மூன்றாவது எச்சரிக்கைக் கடிதத்தோடு அவரை வேலையிலிருந்து அனுப்பிவிட்டார்கள். நான் இறுதியாண்டுப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அம்மா இதைச் சொன்னார். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

பட்டம் வாங்கி அதே தொழிற்சாலையில் சேர்ந்த வாரம், தேக்கா சந்தையில் அக்காவைப் பார்த்தேன். ஒரு மீன்கடையில் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். புளோக்கில் இத்தனை நாள் அவர் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தவன், வந்த வழியே திரும்பிவிடலாம் என்றுதான் நினைத்தேன். வெட்கக்கேடு, ஆனால் அதுதான் உண்மை. அதற்குள் அவரே கூப்பிட்டுவிட்டார்.

"அங்கேயே வேலை கிடைச்சிருச்சாமே தம்பி! அம்மா சொன்னாங்க." முகமெல்லாம் சிரிப்பு. பிறகு குரலைத் தாழ்த்தினார். "லைன்ல எல்லாரும் உன்னைத் திட்டுனாங்க. நான் விடலையே. தம்பி உள்ளதைத்தான் எழுதுச்சு, அப்புறம் என் கைதான் ஓடாமப் போச்சுன்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"ஆமாக்கா" என்றேன்.