ஆர்டித் கேட்ட அலை

ஆர்டித் என்ற பெயரை நான் முதலில் கேட்டது என் அண்ணன் மகன் டெல்மர் வாயால். "ரேடியோ தொலைநோக்கியில வேல பாக்குறா அத்தே. என் பழைய மின்போர்வை அதுல இரையுதுன்னு வீடு தேடிச் சண்டைக்கு வந்தா. கட்டிக்கலாம்னு இருக்கேன்" என்றான். கட்டிக்கொண்டான்.

எங்கள் மலைப் பள்ளத்தாக்கில் செல்போன் கிடையாது. வானத்தைக் கேட்கும் அந்தத் தொலைநோக்கியின் வெள்ளைக் கிண்ணத்தில் எங்கள் மின்சாதனங்களின் ரேடியோ இரைச்சல் விழக் கூடாது. சோள ரொட்டியை மோரில் பிசைந்து தின்றபடியே ஆர்டித் கருந்துளைக் கதை சொல்வாள்.

"பல கோடிச் சூரியன் எடை அத்தே. பக்கத்துல கொதிக்கிற பிளாஸ்மா காந்தத்துல மாட்டி, கிட்டத்தட்ட ஒளி வேகத்துல பீச்சும். காமாக் கதிர் மொதல்ல தப்பிச்சு வந்துடும். ரேடியோ அலைய அந்தக் கெட்டிப் பிளாஸ்மாவே முழுங்கிடும். அது வெளிய ஓடி, விரிஞ்சு, மெலிஞ்சாதான் நமக்குக் கேக்கும். மாசக் கணக்காகும்."

"கல்யாணத்துக்கு நம்ம வெர்ஜில் மாமா வர்ற மாதிரி" என்பான் டெல்மர். அந்த மாமா என் தாய்வழி. பந்தி முடிந்துதான் வருவார்.

ஒன்பது வருடம் அவள் பார்த்திருந்த விண்மீன் திரளின் கருந்துளையிலிருந்து ஒரு வசந்தத்தில் காமாக் கதிர் வெடித்தது. ரேடியோ அலைக்குக் காத்திருந்தாள். இலையுதிர் காலத்தில் டெல்மரின் இதயம் பழுதானது. மருத்துவமனையில் மார்பில் ஒரு கருவி ஒட்டி அனுப்பினார்கள். துடிப்பு தடுமாறினால் அது கட்டிலருகே இருக்கும் பெட்டிக்குச் சேதி அனுப்பும். பெட்டி ஆம்புலன்ஸை அழைக்கும்.

"அதோட இரைச்சல் கிண்ணத்துல விழுந்தா விழட்டும். பதிவுல அத நான் வெட்டிக்கிறேன். அதுல கை வெச்சே, ஒதைதான்" என்றாள் ஆர்டித்.

"உத்தரவு, மகாராணி" என்றான் அவன்.

ரேடியோ அலை ஏறத் தொடங்கியதும் அவள் தொலைநோக்கியிலேயே தங்கினாள். காலையில் ஆப்பிள் பணியாரம் கொண்டு போன நான்தான் அவனைப் பார்த்தேன். உடம்பு குளிர்ந்திருந்தது. வீட்டில் எல்லா மின்கம்பியும் பிடுங்கியிருந்தது: ஃப்ரிட்ஜ், கடிகாரம், மின்போர்வை, அந்தப் பெட்டி. மார்புக் கருவியைக் கழற்றி, தன் கம்பளிச் சாக்ஸுக்குள் சுருட்டி வைத்திருந்தான்.

"வெட்டிக்கிறேன்னு சொன்னேனே அத்தே... சொன்னேனே" என்று அந்தச் சாக்ஸைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அன்றைய பதிவில் ஒரு தூசி இரைச்சல்கூட இல்லையாம். அதை வைத்து ஆய்வுக் கட்டுரையைக் கூட வேலை செய்தவர்கள்தான் எழுதினார்கள். அவள் திறந்தே பார்க்கவில்லை.

இப்போது ஒஹையோவில் தங்கை வீட்டில் இருக்கிறாள். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறாள்.